கோழிக்குஞ்சுகளை எப்போது கூட்டுக்கு மாற்றுவது? வடசென்னை வீட்டுக்கு எந்த வழி சரிப்படும்?

அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு முதல் மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம். அப்புறம்தான் குழப்பம். குஞ்சுகள் பெட்டி விளிம்பில் தாவி உட்காரத் தொடங்கும். வீட்டுக்குள் வாடை கிளம்பும். உமித் தூசு டிவி மேலெல்லாம் படியும். "எப்பதான் இதுங்கள வெளிய விடப்போற?" என்று வீட்டில் கேட்காத நாள் இருக்காது.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்குப் பத்தடி மண்தரை இருக்கிறது. அங்கேதான் கூடு. எட்டு வாரம் உள்ளேயே வைத்து வளர்த்திருக்கிறேன். மூன்றரை வாரத்தில் ஒரேயடியாக வெளியே விட்டிருக்கிறேன். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்றும் செய்திருக்கிறேன். அடைக்கோழியிடம், அதாவது அடைகாக்க உட்கார்ந்திருக்கும் கோழியிடம், விடும் வழியைப் பக்கத்துத் தெரு ஆயா வீட்டில் பார்த்தேன்.

முதலில் வெப்பக் கணக்கு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து 21 டிகிரி அளவில் நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஐந்து, ஆறு வாரத்தில் இறகு மூடிவிடும், அப்போது வெளியே விடலாம் என்பார்கள். குளிர் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். சென்னையில் கோடை இரவே 26 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காது. நான்கு வாரக் குஞ்சுக்கு வேண்டிய சூடு வெளியிலேயே கிடைக்கிறது. மார்கழி விடியற்காலையில்கூட 20, 21 டிகிரிதான். ஈரமும் காற்றும் சேர்ந்து அடித்தால்தான் இங்கே குஞ்சு விறைத்துப் போகும். மற்றபடி நம் பக்கம் குஞ்சைக் கொண்டுபோவது பெருச்சாளி, பூனை, காக்கை, ஈரத்தரை. நான் ஒவ்வொரு வழியையும் இவற்றை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எட்டு வாரம் உள்ளேயே வைப்பது பத்திரமாகத் தோன்றும். ஆனால் நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி போதும் என்றால், அதற்கு மேல் ஒரு சதுர அடியாவது வேண்டும். பன்னிரண்டு குஞ்சுக்கு நம் வீடுகளில் எங்கே போவது? நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும். வால் பக்கம் ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றவை விடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடாக இருந்தால் மே மாதப் பகலில் பல்பே தேவையில்லை. குஞ்சுகள் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து, பெட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரத்தக் கழிச்சல் கிருமி மண்ணில் இருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் குஞ்சு அதற்குப் பழகி எதிர்ப்பு பெறும். எட்டு வாரம் காய்ந்த உமியிலேயே இருந்துவிட்டு, ஒரே நாளில் ஈர மண்ணுக்கு வந்தால் மொத்தமாகத் தாக்கும். எனக்கு அப்படி நடந்தது. நன்றாகத் தேறிய குஞ்சுகள், வெளியே விட்ட ஒரு வாரத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றன. எச்சத்தில் ரத்தம். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தும் இரண்டு போய்விட்டன.

மூன்று, நான்கு வாரத்தில் ஒரேயடியாக வெளியே விடுவது இதற்கு நேர் எதிர். வீடு சுத்தமாகிவிடும், கரண்ட் பில் குறையும், சூடும் பிரச்சினை இல்லை. கூடு சரியாக இருந்தால் இதைக் குறை சொல்ல மாட்டேன். என் கூடு அப்போது சரியாக இல்லை. சாதாரணக் கோழிவலை அடித்து, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு கீச்சொலி கேட்டது. பசிக்குக் கத்துவது வேறு, குளிருக்குக் கத்துவது வேறு. இது வெட்டினாற்போல் ஒரு சத்தம், உடனே அமைதி. டார்ச் எடுத்துப் போனால் மூலையில் தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை, பக்கத்தில் புது மண் குவியல். பன்னிரண்டில் ஐந்து இல்லை. ஒன்று வலை ஓரத்தில் கால் இல்லாமல் கிடந்தது. ஓரத்தில் படுத்திருந்த குஞ்சின் காலை வெளியிலிருந்து எலி இழுத்திருக்கிறது. கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இந்தப் பெருச்சாளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குஞ்சை ராத்திரி முழுக்கக் கையிலேயே வைத்திருந்தேன். பிழைக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான், பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை. மண்ணுக்குள் ஓரடி ஆழம் இறக்கி, கீழ்நுனியை வெளிப்பக்கம் மடக்கிவிட்டேன். செலவு அதிகம்தான். இதைச் செய்யாமல் மண்தரைக் கூட்டில் இரவு குஞ்சை விடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

ஒரேயடியாக மாற்றுவதில் இன்னொன்றையும் பார்த்தேன். எப்போதும் பல்பு வெளிச்சத்திலேயே இருந்த குஞ்சுக்கு இருட்டு தெரியாது. திடீரென்று இருட்டினால் பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும், அடியில் உள்ளது மூச்சுமுட்டும். கரண்ட் கட்டானாலும் இதே கதைதான். மூன்றாம் வாரத்திலிருந்து வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் பல்பை அணைத்துப் பழக்கிவிட்டால் இந்தப் பயம் போய்விடும்.

பகலில் வெளியே, இரவில் உள்ளே என்பதுதான் இப்போது நான் விடாமல் செய்வது. மூன்று வாரம் முடிந்ததும் காலை ஒன்பது மணி வெயிலில் பஞ்சாரத்துக்குள், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்குள், ஒரு மணி நேரம். தரை காய்ந்திருக்க வேண்டும், மேலே பாதி நிழல், உள்ளே தண்ணீர். முதல் நாள் அசையாமல் நிற்கும். இரண்டாம் நாள் ஒன்று மண்ணைக் கிளறும், மற்றவை அதைப் பார்த்துக் கிளறும். மூன்றாம் நாள் மண்ணில் குழி பறித்துச் சாய்ந்து படுத்து, ஒரு காலை நீட்டி, இறக்கையால் புழுதியை அள்ளி மேலே போட்டுக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஐந்தாம் வாரம் இரவும் கூட்டிலேயே விடுகிறேன். முதல் மூன்று, நான்கு இரவு மட்டும் கூட்டில் சின்ன பல்பு எரியும்.

மண்ணும் கிருமியும் சிறிது சிறிதாகப் பழகும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் இன்னொன்று போட்ட பிறகே வெளியில் இரவு தங்கும். சொட்டு போட்ட அன்றைக்கே இடம் மாற்றக் கூடாது, இரண்டு அலுப்பையும் குஞ்சு ஒன்றாகத் தாங்காது. இந்த வழியில் கஷ்டம் ஒன்றுதான்: பகலில் வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது ஆகாது. அவர்கள் மெஷ் கூட்டை முதலில் கட்டிவிட்டு ஐந்தாம் வாரம் நேராக மாற்றுவதே மேல்.

அடைக்கோழிக்கு ஈடு எதுவும் இல்லை என்பார் ஆயா. "தாயி றெக்கைக்குள்ள இருந்தா போதும் கண்ணு, பல்பு எதுக்கு?" சரிதான். பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை ராத்திரியில் மெதுவாக அடைக்கோழிக்கு அடியில் தள்ளிவிட்டால், காலையில் தன் குஞ்சாகவே ஏற்கும். காக்கை கிட்டே வராது. ஆனால் சிறுவிடை நாட்டுக்கோழி மாதிரி அடை உட்காரும் கோழி கையில் இருக்க வேண்டும், அதுவும் குஞ்சு வாங்கும் நேரத்தில் அடையில் இருக்க வேண்டும். பெருச்சாளிக்குத் தாய்க்கோழியும் காவல் இல்லை. ஆயாவும் இரவில் கோழியையும் குஞ்சையும் கூடையோடு வீட்டுக்குள் தூக்கி வைக்கத்தான் செய்கிறார்.

மண்தரையே இல்லாதவர்களுக்கு மொட்டைமாடிக் கூடு. பெருச்சாளித் தொல்லை குறைவு, தண்ணீர் தேங்காது. அங்கே எதிரி வெயில். பகல் பன்னிரண்டு மணிக்குத் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். கூட்டை ஓரடி உயரத்தில் நிறுத்தி, மேலே தென்னங்கீற்று போட வேண்டும். காசிமேடு பக்கம் மீனுக்கு வட்டமடிக்கும் பருந்து குஞ்சையும் விடாது, அதனால் மேல்பக்கமும் வலை. வடகிழக்குப் பருவமழை சாரலுக்கு வடக்கும் கிழக்கும் தார்ப்பாய். இத்தனையும் செய்தால் ஐந்தாம் வாரம் நேராக மாடிக்கு ஏற்றலாம். எந்தக் கூடானாலும் பெரிய கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள். நடுவில் வலை வைத்து ஒரு வாரம் முகம் பழகட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நான் எந்த வழியையும் தொடுவதில்லை. மண் காயாது, கால்வாய் பொங்கினால் வளையில் இருக்கும் பெருச்சாளியெல்லாம் மேட்டுக்கு வரும், கொசு பெருகிக் கோழி அம்மை பரவும். தை பிறந்த பிறகுதான் குஞ்சு வாங்குகிறேன். மாசியில் அவை கூட்டுக்குப் போய்விடும். அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது மூன்று மாதம் தாண்டி, நிழலைத் தானே தேடிப் போய்ப் படுக்கும் கோழியாகியிருக்கும்.