குடியிருப்பவரோடு ஃபிளாட் வாங்கித் தந்த புரோக்கர்: 5க்கு 3

மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், உள்ளே 6 வருடமாக ஒரே குடும்பம், "பத்திரம் முடிஞ்ச மாசமே வாடகை வரும் சார்" என்று சொல்லித்தான் புரோக்கர் முடித்துக் கொடுத்தார். அதில் பொய் இல்லை. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், சொத்து வரி ரசீது எல்லாம் கேட்பதற்கு முன்பே கையில் வைத்திருந்தார்.

கோட்டை விட்டது அட்வான்ஸில். பழைய ஓனர் குடியிருப்பவரிடம் வாங்கியிருந்த, அவர்கள் காலி செய்யும்போது இனி நான் திருப்பித் தர வேண்டிய ஒன்றரை லட்சத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பத்திரம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த அக்ரிமெண்ட்டை நீட்டினார், அதில் பேனாவால் எழுதிய தொகையும் ஓனரின் கையெழுத்தும். பதிவு செய்யாத பதினொரு மாத அக்ரிமெண்ட், பதிவானதை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றில் எங்கே தெரியும்? (2017 வாடகைச் சட்டம் பொதுவாக 3 மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது, சென்னையில் யார் கேட்கிறார்கள்.)

பழைய ஓனரிடம் பேசிப் பேசி ஒரு லட்சம்தான் வந்தது. புரோக்கர் போனை எடுத்தார், கூடவே அலைந்தார், அதற்குத்தான் இந்த 3 ஸ்டார். ஆனால் 2 சதவீதம் கமிஷன் வாங்குகிறவர் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா? நீங்கள் வாங்குவதாக இருந்தால் விலை பேசும்போதே அட்வான்ஸைக் கழித்துவிடுங்கள், குடியிருப்பவரிடமும் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை மட்டும் 5ஆம் தேதி டாணென்று வருகிறது.