தீவனத் தட்டு: வேப்பங்கிளையிலா, சன்னலோரத்திலா?

கோவை, பல்லடம் பக்கம் பறவைகளுக்குத் தீவனம் வைக்க விரும்புவோர் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குகின்றனர்.

பாதுகாப்பு: வல்லூறு வந்தால் வேம்பின் கிளைகளுக்குள் ஒளியலாம், ஆனால் அருகில் புதர் இருந்தால் பூனை பதுங்கும் என்பதால், தட்டை 3 மீட்டராவது தள்ளித் தொங்கவிட வேண்டும். சன்னலில் கண்ணாடியே ஆபத்து. தட்டு 1 மீட்டருக்குள் இருந்தால் பறவை வேகமெடுக்காது, மோதினாலும் அடி குறையும்.

காற்று: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று கிளைத் தட்டை ஆட்டிக் கம்பையும் தினையையும் சிதறடிக்கும், கிழக்குச் சன்னலுக்கு அத்தொல்லை குறைவு.

பராமரிப்பு: சன்னலே எளிது. அழுக்குத் தட்டு நோய் பரப்பும் என்பதால் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அணில்: இரண்டிலும் வரும்.

நிழல்மரமும் தோட்டமும் உள்ளவர்களுக்கு வேம்பு. சிறிய வீட்டினருக்குக் கிழக்குச் சன்னல்.