நின்று நின்று போன வேக்குவம் கிளீனரும் நான் ஏமாந்த 'புது மோட்டாரும்'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்று, அரைமணி நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது என்றால் மோட்டார் எரிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். எரிந்துபோன காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், ஓய்வெடுத்துவிட்டு எழுந்து வராது. இது எனக்கு அன்றைக்கே உறைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

எங்கள் மெஷின் பத்து நிமிடம் ஓடும், நிற்கும். சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் அசையாது. ஆறினால் ஓடும். போகப்போகப் பத்து நிமிடம் ஏழாகி, ஏழு நாலானது. நிற்பதற்கு முன்னால் சத்தம் மட்டும் கீச்சென்று ஏறும். மோட்டார் கதறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். விஷயமே வேறு. உறிஞ்சக் காற்று கிடைக்காதபோது மோட்டாருக்குச் சுமை குறைகிறது, சுமை குறைந்ததும் வேகம் எகிறுகிறது. குழாய் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடிப் பாருங்கள், அதே கீச்சுதான் வரும்.

டெக்னீஷியன் வந்தார். ஹோஸைக் கழற்றவில்லை, ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். "காயில் போயிடுச்சு சார். மோட்டாரே மாத்தணும்."

"ஆனா கொஞ்ச நேரம் விட்டா ஓடுதே?"

"அது கடைசி மூச்சு சார்."

அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது என்பதுதான் வெட்கக்கேடு. மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நாலு நாளில் திரும்பி வந்தது. நிற்காமல் ஓடியது. பில்லில் 'மோட்டார் மாற்றம்' என்று ஒரே வரி. பழைய மோட்டார் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உறிஞ்சல் மட்டும் அதே மந்தம், சத்தமும் அதே கீச்சு. போனில் கேட்டால், புது மோட்டார் செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். சரி, ஆகட்டும் என்று விட்டேன்.

மூன்றாவது வாரம் அம்மாதான் முதலில் மோப்பம் பிடித்தார். "ஏதோ வயர் தீயற வாசனை வருதுடா" என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வைத்தால், பின்னால் காற்று வெளியேறும் சல்லடைப் பக்கம் தொட முடியாத சூடு. பிளாஸ்டிக் லேசாக இளகி நெளிந்திருந்தது.

நன்றாக ஆறவிட்டுத் திறந்தேன். உள்ளே இருந்தது பழைய மோட்டாரேதான். மேலே வருடக்கணக்காகப் படிந்த சாம்பல் நிறத் தூசி, விரலால் வழித்தால் கோடு விழுகிறது. லேபிளில் இருந்த தயாரிப்பு ஆண்டும் மெஷின் அடியில் இருந்த ஆண்டும் ஒன்று. காயிலுக்குப் போகும் வயரில் ஓரிடத்தில் இரண்டு முனைகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் புதிதாக இருந்தது அந்த டேப் மட்டும்தான்.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது தெர்மல் கட்-ஆஃப். பொத்தான் அளவு இருக்கும். உள்ளே சூட்டில் வெவ்வேறு அளவு விரிகிற இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு. சூடு எல்லை தாண்டினால் தகடு வளைந்து கரண்ட்டைத் துண்டிக்கும், ஆறினால் பழையபடி சேரும். சாதாரண வீட்டு மெஷின்கள் பலவற்றில், உறிஞ்சி ஃபில்டர் வழியாக வருகிற காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று அடைபட்டால் மோட்டார் தன் சூட்டிலேயே வேகும். எங்கள் மெஷின் நின்று நின்று போனது பழுதே இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்த வேலை. அந்த மனிதர் திருடனைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, வீட்டில் திருட்டுப் பயம் இல்லை என்று சொல்லிப் போயிருக்கிறார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் தீயே பிடித்திருக்கலாம்.

அப்புறம் அசல் பழுதைத் தேடினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஹோஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தால் இருட்டு. நீளக் குச்சியை விட்டுத் தள்ளியதில், கைப்பிடி வளைவிலிருந்து ஒரு பேனா மூடி வந்து விழுந்தது. அதைச் சுற்றி முடி, முடியைச் சுற்றிக் கம்பளி மாதிரி இறுகிய தூசி. ஃபில்டர் இன்னும் மோசம். சுவரில் துளை போட்டபோது கொட்டிய பொடியை நான்தான் இந்த மெஷினால் உறிஞ்சினேன். அந்த நைஸ் தூள் ஃபில்டரின் துளைகளை அடைத்து அட்டைபோல ஆக்கியிருந்தது. அதில் என் தப்பும் உண்டு. கழுவக்கூடிய ஃபில்டர் என்பதால் கழுவி ஒரு முழுநாள் உலரவிட்டேன். ஈரத்தோடு போட்டால் காற்றும் போகாது, ஈரமும் மோட்டாருக்குப் போகும்.

கட்-ஆஃபை மட்டும் மோட்டார் வேலை தெரிந்த வேறொருவரைக் கொண்டு, அந்த மோட்டாருக்கு உரிய வெப்ப அளவு உள்ளதாகப் பார்த்துப் புதிதாகப் போட்டேன். 'எரிந்துபோன' அந்த மோட்டார் நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் ஓடியது.

எல்லா நிற்றலும் சூட்டால் வருவதில்லை. வயரை அசைத்தால் நின்று நின்று வருகிறதா, பிளக் பக்கமோ வயர் சுற்றும் ரீலிலோ உள்ளே அறுந்திருக்கும். பொறி பறந்து கருகல் வாசனையோடு விட்டுவிட்டு ஓடினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அதற்காக மோட்டாரையே மாற்ற வேண்டியதில்லை.

ரிப்பேருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் ஹோஸ் இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் அடைப்பு பெரும்பாலும் ஹோஸில்தான். மோட்டார் மாற்றச் சொன்னால் பழையதைக் கையில் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதைச் சொன்னதுமே சிலருக்குப் பழுது வேறாகிவிடும். மெஷின் திரும்பி வந்ததும், கட்-ஆஃபை எடுத்துவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டீர்களா என்று வாய்விட்டே கேளுங்கள். தெரிந்த ஆள் என்று அவருக்குப் படட்டும்.

டேப் சுற்றிய வயரைப் படமெடுத்து அந்த முதல் டெக்னீஷியனுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "நின்னு நின்னு போகுதுன்னுதானே சார் கம்ப்ளெயின்ட் சொன்னீங்க? நான் பார்த்தப்புறம் ஒரு தடவையாவது நின்னுச்சா?"

சரி, பில்லில் எழுதிய புது மோட்டாரின் நம்பரைச் சொல்லுங்கள் என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தவர், அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.