கலைஞர் கனவு இல்லம்: தொகை ஒன்று, வீடு வேறு வேறு

2024-ல் தமிழக பட்ஜெட்டில் அறிவித்த திட்டம். குடிசையில் வாழும் ஊரகக் குடும்பத்துக்கு 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குள்தான். கூடுதலாகக் கிடைக்கும் 90 சதுர அடியில் சமையல் தனியாகப் போய்விடும். புகை படுக்கிற இடத்துக்கு வராது. இதற்கு முழு மார்க் கொடுக்கலாம்.

இடிப்பது பணக் கணக்கில். சதுர அடிக்கு 972 ரூபாய்தான் வருகிறது. சிறுநகரத்தில்கூட ஒப்பந்தக்காரர்கள் 2,000-க்குக் கீழே வாய் திறப்பதில்லை. தவிர, ஒரு கட்ட வேலை முடிந்த பிறகுதான் அதற்கான தொகை வரும். பேஸ்மட்டம் போட முதலில் கையிலிருந்து இறக்க வேண்டும். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் நகையை வைத்தோ மகளிர் குழுவில் வாங்கியோ சமாளிப்பார்கள். ஒற்றைக் கூலியில் ஓடும் வீட்டுக்கு வட்டிக்காரர்தான் கதி. அந்த வட்டியை எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? சிமெண்டில்தான்.

கூரையையே பார்க்கலாம். 300 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 125 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற 1:1½:3 கலவைக்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமெண்ட் வேண்டும். 22 மூட்டையில் முடித்து, எம்-சாண்டுக்குப் பதில் கிரஷர் தூளைக் கலந்து, தண்ணீரைத் தாராளமாக விட்டால் அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகினால், சில வருடத்தில் கம்பி துருவேறிப் பருத்து சீலிங் பாளம் பாளமாக உதிரும். பழைய தொகுப்பு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிவது இதனால்தான்.

மண்ணும் ஒரு காரணம். ஏழைக்குக் கிடைக்கும் மனை பெரும்பாலும் ஊரின் பள்ளத்திலேயே இருக்கும். கரிசலாக இருந்தால் அஸ்திவாரம் ஆழம் போக வேண்டும், ஆனால் தொகை அதேதான். அங்கே சேமித்தால் முதல் கோடையிலேயே சுவரில் கோணல் விரிசல்.

பெரிய குறை, மனைக்குப் பட்டா வேண்டும் என்பது. புறம்போக்கில் ஒழுகும் குடிசையில் இருப்பவருக்குத்தான் வீடு அவசரம். அவரிடம்தான் பட்டா இருக்காது. கட்டுமானத்தில் என்ன திருத்தினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

கட்டத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: சென்ட்ரிங்கை, அதாவது தளம் இறுகும்வரை தாங்கும் பலகையையும் முட்டுகளையும், நாள் வாடகையில் பேசாதீர்கள். வாடகை ஏறுகிறதே என்று மூன்றாம் நாளே முட்டுகளைப் பிரிக்கச் சொல்லத் தோன்றும். சதுர அடிக்கு மொத்தமாகப் பேசி, 14 நாள் முட்டு நிற்கும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அதுவரை தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கட்டும். குடத்தில் சுமக்கிற ஊராக இருந்தால் நனைத்த வைக்கோலைப் பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாலும் போதும்.