ஊசியும் உருளைக்கிழங்குத் தோலும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2024-இல் திறந்த புதிய விமான நிலைய முனையத்தில் கோயில் கோபுரத்து வண்ணங்களையெல்லாம் வாரி இறைத்திருக்கிறார்கள். பெட்டியும் காக்க வைக்காமல் வந்து சேர்ந்தது. 2025-இல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையத்தையும் பார்த்தேன். பெரிது, காற்றோட்டமானது, உறையூர்க்காரனுக்குத் தொலைவு. இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது குப்பையைப் பற்றி.

அப்பா படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மார்கழி பாதியில் போய்ப் பொங்கல் முடிந்து திரும்பும்படி மூன்று வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். போன மறுநாளே சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டேன். காலை ஏழரைக்குத் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டது. பேட்டரி வண்டி வந்து நின்றது. பச்சை வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு திரும்பினேன். இரண்டடி வைப்பதற்குள் கூப்பிட்டார் வண்டியில் வந்த பெண் தூய்மைப் பணியாளர்.

"அண்ணே, இது உங்கள் வீட்டு வாளிதானே?"

உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவிலிருந்து இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். அப்பாவுக்கு நான் காலையில் போட்ட இன்சுலின் ஊசி. மூடி கழன்றிருந்தது. அவர் கையுறை அணிந்திருந்தார். ஆனால் அந்த ஊசிக்குக் கையுறை எம்மாத்திரம்? திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அம்மா இப்படிப் போடமாட்டார்களே" என்று மட்டும் சொன்னார். தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். நம் வாளிக்குள் அவர் கை போவது மட்டும் மாறவில்லை.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்படி மேடைக்குக் கீழே காலியான பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் காட்டினார். முக்கால் பாகம் ஊசிகள், மூடி இறுக்கித் திருகியிருந்தது. பக்கத்தில் மூன்று தொட்டிகள். சமையல் கழிவுக்குப் பச்சை, காகிதம், பிளாஸ்டிக், பால் கவர் போன்ற காய்ந்தவற்றுக்கு நீலம் (பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார், துணி கிளிப் மாட்டி!). மூன்றாவது, மூடி போட்ட பழைய பக்கெட். அதில் அப்பாவின் டயப்பர்கள், ஒவ்வொன்றும் காகிதத்தில் பொதிந்து, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. டயப்பர், நாப்கின்களைப் பொதிந்து தர வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. எட்டாவது வரை படித்த அம்மாவுக்கு விதியின் ஆண்டு தெரியாது. அந்தப் பெண்ணின் கை தெரியும்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். சிங்கப்பூரில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். குப்பை போடும் குழாயின் கதவைத் திறந்து பையைத் தள்ளினால் 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே என் கண்ணில் படாமல் நடக்கிறது: எரியுலைக்குப் போகிறது, கன அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, சாம்பல் படகேறி, 1999-இல் குப்பைக் கிடங்காகத் திறந்த செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஊசியும் டயப்பரும் மீன் முள்ளும் ஒரே பையில்தான். கீழே மறுசுழற்சிக்கு நீலத் தொட்டி இருக்கிறது. இருந்தும் 2023-இல் அங்கே வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 12 சதவீதம்தான். 'சிங்கப்பூர் மாதிரி சுத்தம்' என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லும்போது நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். தெரு சுத்தம் உண்மை. ஆனால் இருபது வருடத்தில் என் குப்பையின் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வெட்கம் தீர வேண்டுமே. நாலாம் நாள், எங்கள் பகுதியின் ஈரக் குப்பை போய்ச் சேரும் நுண் உர மையத்தைப் பார்க்கப் போனேன். தகரக் கூரை போட்ட கொட்டகை. வரிசையாகச் செங்கல் தொட்டிகள், காற்று போகச் சுவரில் இடைவெளி விட்டுக் கட்டியவை. வந்து சேரும் குப்பையைத் தரையில் பரப்பி மறுபடியும் பொறுக்குகிறார்கள். கொட்டாங்கச்சி ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், தவறி வந்த பிளாஸ்டிக் ஒரு பக்கம். மீதியை இயந்திரத்தில் நறுக்கித் தொட்டியில் கொட்டுகிறார்கள். ஒரு அடுக்கு காய்ந்த சருகு, ஒரு அடுக்கு ஈரக் குப்பை. மேலே சாணம், வெல்லம், புளித்த தயிர் கலந்த கரைசல் தெளிக்கிறார்கள். கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு விருந்து! ஒரு தொட்டியின் நடுவில் கையை நுழைத்துப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்த பெரியவர். வெந்நீர்ப் பானைக்குள் விட்டதுபோல் சுட்டது. அந்தச் சூடுதான் கெட்ட கிருமிகளையும் களை விதைகளையும் கொல்கிறது. அவ்வப்போது கிளறி, ஈரம் பார்த்து, ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் சலித்தெடுத்தால் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம். நாற்றம் இல்லையா என்று கேட்பீர்கள். பொறுக்கும் இடத்தில் இருக்கிறது. தொட்டிகள் பக்கம் போனால் மாட்டுக் கொட்டில் வாசனைக்கு மேல் ஒன்றுமில்லை.

"இது வயலுக்குப் போகிறது தம்பி. வெறுங்காலோடு இறங்குவார்கள்" என்றார் பெரியவர். நான் ஊசிக் கதையை அவரிடம் சொல்லவே இல்லை. அவராகச் சொன்னது.

நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. அதை மட்டும் வாசலிலேயே பிரித்துவிட்டால் மீதிக்கு விலை உண்டு, பழைய பொருள் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பிரிக்காமல் மலையாகக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சிக்காரர்களுக்கு அரியமங்கலம் என்ற ஒரு சொல் போதும். சிறுவயதில் தஞ்சாவூர் பஸ்ஸில் அரியமங்கலம் நெருங்கும்போது கண்டக்டர் சொல்லாமலே ஊர் தெரிந்துவிடும்; எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நாற்பது ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேடு. அடியில் காற்றுப் புகாமல் அழுகும் ஈரக் குப்பை மீத்தேன் விடும். வெயிலில் தீப்பற்றினால் நாள்கணக்கில் புகையும். இப்போது பயோமைனிங் முறையில் அந்த மேட்டைத் தோண்டிச் சலிக்கிறார்கள். மண் தனி, கல் தனி, எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக. தாத்தா காலத்துக் குப்பையைப் பேரன் காலத்தில் பிரிக்கும் இந்த வேலைக்கு ஆகும் காசில் எத்தனை பச்சை வாளி வாங்கலாம் என்று மனது கணக்குப் போட்டது.

மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி 2016-இல் நாட்டிலேயே மூன்றாம் இடம், மறு ஆண்டு ஆறாம் இடம். பிறகு நூறுக்கும் கீழே சறுக்கியது. பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தில் அரை மணி நேரம் நின்றால் பட்டியல் சொல்லாதது தெரியும். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால். விடிவதற்கு முன்பே பைக்கில் வருகிறார்கள். வண்டியை நிறுத்துவதுகூட இல்லை, கவர் பறக்கிறது, தண்ணீரில் விழுகிறது. தெருவோரத் தொட்டிகளை எடுத்துவிட்டு வாசலுக்கே வண்டி அனுப்பும் முறை நல்லதுதான். ஆனால் ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பும் குடும்பம் ஏழரை மணி விசிலுக்கு எப்படிக் காத்திருக்கும்? எங்கள் எதிர்வீட்டுத் தம்பதி வாளியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மா இல்லாத தெருக்களில் பாலம்தான். இதற்கு மாலையில் இன்னொரு முறை வண்டி விட்டால் போதும் என்பது என் கட்சி.

பிளாஸ்டிக் பை 2019 சனவரியிலேயே தமிழ்நாட்டில் தடையாகிவிட்டது, 2021 டிசம்பரில் மஞ்சப்பையும் மீண்டும் வந்துவிட்டது. ஒரு மெஸ்ஸில் நான்கு இட்லி வாங்கினேன்: சாம்பார் ஒரு கவர், இரண்டு சட்னி இரண்டு கவர், எல்லாவற்றையும் போட ஒரு கவர். அடுத்த நாள் தூக்குவாளியோடு போனேன். கடைக்காரர் சிரித்தார். ஆனால் சாம்பார் ஒரு கரண்டி கூடுதல்.

போகிக்கு முந்தின வாரம் அந்தத் தூய்மைப் பணியாளரே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "பழைய பாய், துணி, டயர் இருந்தால் கொளுத்த வேண்டாம், என்னிடம் கொடுங்கள்." எங்கள் தெருவில் பெரும்பாலோர் கொடுத்தார்கள். கடைசி வீட்டுப் பையன்கள் மட்டும் விடியற்காலையில் ஒரு டயரைக் கொளுத்திவிட்டார்கள். அப்பா இருமிய இருமலில் போகி எனக்கு மறந்துபோனது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா ஒரு சங்கடத்தைச் சொன்னார். அப்பா படுத்த பிறகு வீட்டில் நாளிதழ் நிறுத்தியாயிற்று. டயப்பர் பொதியக் காகிதம் தீரப்போகிறது. பக்கத்து வீட்டிலும் எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள். பழைய பேப்பர் கடைக்குப் போய் ஐந்து கிலோ கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தி, "எல்லோரும் போடத்தான் வருவார்கள் சார், நீங்கள் வாங்க வந்திருக்கிறீர்களே" என்றார். போடுகிற விலையா, வாங்குகிற விலையா என்று இருவரும் கொஞ்ச நேரம் பேரம் பேசினோம். சிவப்புப் பேனா இரண்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.