ஆசிரியைக்கு நன்றி சொல்ல ஓர் அஞ்சலட்டை

செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தை முன்னிட்டு, எனக்கு அரிச்சுவடி கற்பித்து இன்று ஓய்வு பெற்றுவிட்ட தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு நன்றி எழுத, 1879ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் புழங்கிவரும் அஞ்சலட்டையையே தேர்ந்தெடுத்தேன். தபால்தலை அதிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் 50 பைசாவுக்கு மேல் செலவில்லை. உறையில்லாததால் அந்தரங்கம் எழுத இயலாதுதான். ஆனால் நன்றிக்கு ஒளிவுமறைவு எதற்கு? இடம் சிறிது என்பதால், கடை வாழ்த்து அட்டைகளின் ஆயத்த வாசகங்களைப் போலப் பொதுவாக எழுதாமல், 'ழ' எழுத வராமல் அழுத என் கையைப் பிடித்து அவர் சிலேட்டில் எழுதவைத்த அந்த ஒரு காலைப்பொழுதை மட்டுமே எழுதினேன். மூன்றாம் நாளே அட்டை சென்று சேர்ந்தது. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் டீச்சர் வைத்திருப்பதாக அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். இரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கும் ஓர் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.