கொழும்பு ஸ்டூடியோவுக்கு எந்த இறுவட்டுப் பிரதி இயந்திரம் ஏற்றது?

மணமக்களின் கையில் பென் டிரைவைக் கொடுத்து அனுப்பும் இந்தக் காலத்தில் இறுவட்டுப் பிரதி இயந்திரம் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குக் கல்யாணம் மட்டுமே தொழிலன்று. பரதநாட்டிய அரங்கேற்றம், பாடசாலை ஆண்டு விழா, ஆலய மகோற்சவம் போன்றவற்றில் ஒரே ஒளிப்பதிவை நாற்பது, ஐம்பது குடும்பங்கள் கேட்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பென் டிரைவ் வாங்கினால் இலாபம் அதிலேயே கரைந்துவிடும். தவிர, ஒருமுறை எழுதி மூடிய இறுவட்டை வீட்டுப் பிள்ளைகள் அழித்துவிட்டு வேறு எதையும் ஏற்ற முடியாது என்பதும் சின்ன விடயமன்று. இந்தத் தேவைக்கு இயந்திரம் வாங்க எண்ணுபவர்களுக்காக, தொழிலில் பாவித்துப் பார்த்த மூன்று வகைகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் வகை, இருக்கும் கணினியிலேயே மேலும் இரண்டு டிவிடி ரைட்டர்களைப் பொருத்திக்கொள்வது. செலவு மிகக் குறைவு. ஆனால் படத்தொகுப்பும் அதே கணினியில்தான் நடக்கிறதென்றால், தட்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு வேலையைத் தொடங்கத் தயக்கமாக இருக்கும். மாதத்துக்குப் பத்துப் பிரதிகளைத் தாண்டாத ஸ்டூடியோவுக்கு இதுவே தாராளம். அப்படிப்பட்டவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, தட்டை இயந்திரக் கையால் எடுத்து, எழுதி, மேற்பரப்பில் படத்தையும் அச்சிட்டு வெளியே வைக்கும் தானியங்கி. எப்சன் பிபி-100 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இரண்டு ரைட்டர்கள், நூறு தட்டுகளுக்கு இடம், ஆறு தனித்தனி மைப் பெட்டிகள். மாலையில் தட்டுகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதே இதன் பெரிய கவர்ச்சி. அச்சின் தரத்தையும் குறை சொல்ல முடியாது. எனினும் ரைட்டர்கள் இரண்டே என்பதால் அவசர வேலைக்கு இது உதவாது. இயக்குவதற்கு ஒரு கணினியை ஒதுக்கவும் வேண்டும். நீண்ட நாட்கள் அச்சிடாமல் விட்டால் மை முனைகள் அடைத்துக்கொள்ளும். அவற்றைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். இயந்திரக் கை பழுதானால் பிரதி எடுப்பது, அச்சிடுவது இரண்டுமே நின்றுவிடும். ஸ்கேன் படங்களை நோயாளரிடம் தட்டில் கொடுக்கும் வைத்தியசாலைகளுக்கு இத்தகைய இயந்திரம் பொருந்தும், ஏனெனில் அங்கே ஒவ்வொரு தட்டும் வேறு. நமக்கோ ஒரே தட்டுத்தான் ஐம்பது முறை வேண்டும். தட்டின் மேல் படம் அச்சிட எப்சன் எல்805 போன்றதொரு அச்சுப்பொறி போதும்.

ஆகவே விரிவாகப் பேச வேண்டியது மூன்றாவது வகையைத்தான். கணினியின் துணையின்றித் தனித்தே இயங்கும் கோபுர வடிவ டூப்ளிகேட்டர் அது. மூலத் தட்டை வாசிக்க ஒரு டிரைவ், வரிசையாக ரைட்டர்கள், சில பொத்தான்களும் சிறு திரையும் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, இவ்வளவே அதன் உடம்பு. 1:3, 1:5, 1:7, 1:11 என்று ரைட்டர்களின் எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். கடைக்காரர் பெரியதையே முதலில் காட்டுவார். கணக்குப் பார்த்தால் பெரியது அவ்வளவு அவசியமில்லை என்பது விளங்கும். நிரம்பிய 4.7 ஜிபி தட்டு ஒன்றை 8 மடங்கு வேகத்தில் எழுத ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள், எழுதியதை மூலத்தோடு ஒப்பிட மேலும் ஆறு நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நாற்பது பிரதிகள் எடுக்க 1:3 இயந்திரத்தில் 14 சுற்றுகள், அதாவது மூன்றரை மணி நேரம். 1:5 இல் 8 சுற்றுகள், இரண்டு மணி நேரம். 1:7 இல் 6 சுற்றுகள், ஒன்றரை மணி நேரம். மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏறும்போது மிச்சமாவது ஒன்றரை மணி நேரம். ஐந்திலிருந்து ஏழுக்கு ஏறும்போது அரை மணி நேரம் மட்டுமே. மேலதிகமாக இரண்டு ரைட்டர்களுக்குப் பணம் கொடுத்து, அவற்றின் சூட்டையும் சத்தத்தையும் ஒரு சின்ன அறையில் சகிப்பதற்கு அந்த அரை மணி நேரம் ஈடாகாது. நடுத்தர ஸ்டூடியோவுக்கு 1:5 தான் சரியான அளவு என்பது என் முடிவு.

ஒப்பிடும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எழுதி முடிந்ததும் பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்பித் தட்டை உறையில் போடுபவர்கள் அதிகம். எழுதும்போது பிழை வரவில்லை என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்வதில்லை. தட்டு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. மலிவான தட்டுகளில் கோளாறு பெரும்பாலும் வெளிவிளிம்பில்தான் இருக்கும். நிரம்பிய அரங்கேற்றத் தட்டில் அது தில்லானா வரும் இடம். அங்கே படம் உறைந்து நிற்பது கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மா தொலைபேசி எடுத்துச் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரியவரும். சில இயந்திரங்களில் ‘வெரிஃபை’ தட்டை வாசிக்க முடிகிறதா என்று மட்டுமே பார்க்கும். ‘கம்பேர்’ தான் மூலத்தோடு முழுமையாக ஒத்துப்பார்க்கும். வாங்குவதற்கு முன் கடையிலேயே மின்சாரம் கொடுத்து, திரையில் வரும் தெரிவுப் பட்டியலில் ‘கொப்பி அண்ட் கம்பேர்’ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘டெஸ்ட்’ என்று இன்னொரு தெரிவும் இருக்கும். தட்டில் எதையும் எழுதாமல் ஒத்திகை பார்க்கும் அந்த வசதி டிவிடி மைனஸ் ஆர் தட்டுகளுக்கே பொருந்தும், பிளஸ் ஆர் தட்டுகளில் இயங்காது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது ரைட்டரை மாற்றும் வசதி. ரைட்டர் தேய்ந்து போகும் பொருள். கட்டுப்பாட்டுப் பலகை பல ஆண்டுகள் உழைக்கும், லேசர் அவ்வளவு உழைக்காது. அதிலும் காலி வீதியின் கடல் பக்கமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் ஈரப்பதமும் உலோகப் பாகங்களை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலகை எல்லா வகை ரைட்டர்களையும் ஏற்காது; அது ஏற்கும் மாதிரிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எல்ஜி அல்லது ஆசுஸ் ரைட்டர் ஒன்றையேனும் இயந்திரத்தோடு சேர்த்தே கொள்வனவு செய்து உறை பிரிக்காமல் வைப்பது நல்லது. மடிக்கணினிகளிலிருந்து தட்டு வாசிக்கும் வசதியே மறைந்துவிட்டதால் சாதாரண ரைட்டர்களின் வரத்தும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பெட்டியில் ‘24 மடங்கு’ என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். சந்தையில் உள்ள தட்டுகள் பெரும்பாலும் 16 மடங்குக்கு உரியவை, பிரதி எடுப்பதற்கோ 8 மடங்கே போதும்.

வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) பொருத்திய மாதிரி கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தும் வாங்கலாம். மூலத்தை ஒருமுறை அதில் ஏற்றிவிட்டால், அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் வந்து பிரதி கேட்கும்போது மூலத் தட்டைத் தேட வேண்டியிருக்காது. மூலத் தட்டில் கீறல் விழும் பயமும் இல்லை. ஒன்றை மட்டும் இயந்திரத்திடம் எதிர்பார்க்கக் கூடாது: அது கொடுத்ததை அப்படியே படியெடுக்கும், எதையும் திருத்தாது. தொலைக்காட்சிப் படத்துக்கு இலங்கையில் பால் (PAL) முறை, கனடாவில் என்டிஎஸ்சி (NTSC). பால் முறையில் விநாடிக்கு 25 சட்டகங்களும் 576 வரிகளும் இருக்க, என்டிஎஸ்சியில் ஏறத்தாழ 30 சட்டகங்களும் 480 வரிகளும் இருக்கும். கணினியில் இரண்டும் ஓடினாலும், அங்குள்ள டிவிடி பிளேயர்கள் பல நம் தட்டை ஏற்காது. கனடாவுக்குப் போகும் பிரதிகளுக்குத் தனி மூலம் தயாரித்துத் தனிச் சுற்றில் எடுப்பதைத் தவிர வழியில்லை. இலண்டனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

புளூரே எழுதும் கோபுரங்களும் விற்பனைக்கு உண்டு. 25 ஜிபி இடம் ஆசை காட்டும். ஒரு கல்யாணத்தின் முழுப் படங்களையும் ஒரே தட்டில் அடக்கிவிடலாம். ஆனால் அதை வாசிக்கும் கருவி வாடிக்கையாளர் வீட்டில் இருக்காது. எழுதக்கூடிய புளூரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. முழு அளவுப் படங்களுக்குப் பென் டிரைவே இருக்கட்டும்.

தட்டுகளில் சிக்கனம் பார்ப்பது இயந்திரத்தின் பெயரைக் கெடுக்கும். புறக்கோட்டையில் பெயரில்லாத தட்டுக் கட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு கட்டில் எத்தனை தட்டுகள் ஒப்பீட்டில் தோற்கின்றன என்று பார்த்தால் அந்த மலிவின் விலை தெரிந்துவிடும். வெர்பாட்டிம் 2019 இல் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து தைவானின் சிஎம்சி மக்னெட்டிக்ஸின் கைக்கு மாறியது. இருப்பினும் எங்கள் ஸ்டூடியோவில் இன்றும் நம்பி எடுப்பது அதைத்தான். ஒட்டும் காகித லேபிளை மட்டும் எவரும் பாவிக்க வேண்டாம். சுழலும்போது சமநிலை கெடும். கொழும்பின் ஈரப்பதத்தில் ஓரம் கிளம்பி, பிளேயருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளவும் கூடும்.

மின்சாரத்துக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். 2022 இல் பட்ட நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லையென்றாலும், விளக்கு ஒரு கணம் மின்னி மறைந்தாலே அந்தச் சுற்றில் உள்ள ஐந்து தட்டுகளும் குப்பைக்குத்தான் போகும்; விட்ட இடத்திலிருந்து தொடர இயந்திரத்தால் முடியாது.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரித்தால், கையிருப்பில் இல்லாவிட்டாலும் தருவித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதம் பலகைக்கு மட்டுமா, ரைட்டர்களுக்கும் சேர்த்தா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பாவித்த இயந்திரமென்றால் உள்ளே பழைய இணைப்பு முறையான ஐடிஇயின் பட்டையான வடங்கள் தெரிந்தால் அப்படியே திரும்பிவிடலாம், அதற்கு மாற்று ரைட்டர் தேடுவது வீண் அலைச்சல். அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்பு உள்ளதை மட்டுமே பார்க்க வேண்டும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிவைக்கும் இயந்திரமாக இருந்தால் இன்னுமொன்று உண்டு: பின்பக்க மின்வழங்கியில் சிறு ஆளி இருந்தால், அது 115 இல் இருக்கிறதா 230 இல் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிய பின்னரே சுவரில் செருக வேண்டும்.